அடுப்படியில் நிற்பவர்களுக்கு உடற்பயிற்சியும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டல், மெஸ், டீக்கடை, கல்யாணக் கேட்டரிங், பள்ளிச் சமையல்கூடம் என்று எந்த அடுப்படியில் நின்றாலும் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். மதுரைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் மாஸ்டர்களும் உதவியாளர்களும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் சுடச்சுடப் போடுகிறவர் தான் மட்டும் ஆறிப்போன மிச்சத்தை, நின்றுகொண்டே, கடைசியாகச் சாப்பிடுகிறார். அவருடைய இடுப்பு வலிக்கும் சர்க்கரைக்கும் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாள் முழுக்க நிக்கிறோம், தூக்குறோம், வேர்த்துக் கொட்டுது. இதுக்கு மேல எதுக்கு உடற்பயிற்சி?

இதைக் கேட்காத மாஸ்டர் இல்லை. கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் தசை கொஞ்ச நேரம் சுருங்கி விரியும், பிறகு ஓய்வெடுக்கும். அந்த ஓய்வில்தான் அது பலமாகிறது. அடுப்படியில் அந்த ஓய்வே கிடையாது. கல்லுக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்கும்போது கெண்டைக்காலும் இடுப்பும் அசையாமல் இறுகியே கிடக்கின்றன. வேலை செய்யும் கை மட்டும் ஒரே திசையில் ஓயாமல் போய்வருகிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் சற்று ஏறிய நிலையிலேயே இருக்கின்றன, இறங்கி ஆற இடைவெளி இல்லை.

டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவருக்கு இதயம் பலப்படுகிறது, பிழைப்புக்காக உடம்பை வருத்துபவருக்கு அதே பலன் கிடைப்பதில்லை, சில நேரம் கெடுதலாகவே முடிகிறது என்பது அவர் கண்டது. நம் ஊர் அடுப்படிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆகவே உங்களுக்கு இன்னொரு சுற்றுக் களைப்பு வேண்டாம். வேலை உடம்பை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோகும் அசைவு வேண்டும். குனிந்தே நிற்பவர் நிமிர வேண்டும். கையை முன்னாலேயே நீட்டி வேலை செய்பவர் தோளைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அசையாமல் நின்ற கெண்டைக்கால் ஏறி இறங்க வேண்டும்.

ரூம்ல எட்டுப் பேர் படுக்கிறோம். எங்க செய்றது? எப்ப செய்றது?

ஒரு பாய் விரிக்கிற இடமும் கொஞ்சம் சுவரும் இருந்தால் போதும். கீழே சொல்லியிருக்கும் எதற்கும் அதற்கு மேல் இடம் வேண்டாம்.

காலையில் எழுந்து பல் விளக்கியதும் செய்யலாம். அதிகாலை வேலைக்காரர்கள், மதிய வியாபாரம் ஓய்ந்து நான்கு மணிவாக்கில் கிடைக்கும் இடைவெளியில் செய்யலாம். நள்ளிரவில் கடையைக் கழுவிவிட்டு வந்து செய்ய வேண்டாம். அப்போது உடம்பு கேட்பது தூக்கத்தை. அடுப்பை விட்டு வந்ததும் தொடங்காமல், சட்டையை மாற்றி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் காற்றாட உட்காருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். ஒரு நாளைக்கு 12 முதல் 15 நிமிடம், வாரத்தில் நாலு நாள். ஆரம்பத்துக்கு அதுவே நிறைய.

சரி, என்னென்ன செய்யணும்?

முதலில் கால். சுவரைப் பிடித்து நின்று, குதிகாலை மெதுவாகத் தூக்கி, முன்பாதத்தில் ஒரு நொடி நின்று, தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு 15. காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்பே இந்தக் கெண்டைக்கால் தசைதான். அசையாமல் நிற்கையில் அது வேலை செய்வதில்லை. பிறகு சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகால் தரையில் பதிய முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலில் இழுவை தெரியும். 30 நொடி, பிறகு அடுத்த கால்.

அடுத்து முதுகு. இரண்டு கையையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, முழங்கால் மடங்காமல், மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிருங்கள். ஐந்தாறு தடவை. இதை வேலைக்கு நடுவிலேயே, மாவு புளிக்கிறதா என்று பார்க்கப் போகும் நேரத்தில்கூடச் செய்துவிடலாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி மூன்று எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள், 12 தடவை. பின்பக்கத் தசைக்கு இதைப்போல ஒரு பயிற்சி கிடையாது. முதுகு வலி என்று வருபவர்களில் பலருக்குப் பலம் குறைந்திருப்பது அங்கேதான்.

பிறகு கைகால் ஊன்றி, குழந்தை தவழ்வதுபோல் இருந்து, வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டுங்கள், பிறகு மாற்றி. இடுப்பு ஆடாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் ஆடத்தான் செய்யும்.

தோளுக்கு: கதவு நிலையின் இரு பக்கமும் முன்கையை வைத்து, ஒரு காலை முன்வைத்து, நெஞ்சு விரியும்படி சாயுங்கள், 20 நொடி. அப்புறம் சுவரைப் பார்த்து நின்று தண்டால், 10 முதல் 15.

கடைசியாக, சுவரோரம் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கிச் சாய்த்து ஐந்து, பத்து நிமிடம் அப்படியே இருங்கள். இதை மட்டும் இரவில் படுக்கும் முன்பும் செய்யலாம். காலின் கனம் இறங்குவது அன்றே தெரியும்.

பரோட்டா போடுறேன். வலது முழங்கை வெளிப்பக்கம் குத்துது. டம்ளர் தூக்கினாக்கூட வலிக்குது.

மைதாவை அடித்துப் பிசைவது, உருண்டையை வீசுவது, சுருட்டுவது, அடுக்கிச் சூட்டோடு தட்டுவது என்று எல்லாமே மணிக்கட்டில்தான் முடிகின்றன. மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகள் முழங்கையின் வெளி எலும்பில் போய் ஒட்டுகின்றன. அந்த ஒட்டுமிடம்தான் உங்களுக்கு வலிக்கிறது. டாக்டர்கள் டென்னிஸ் எல்போ என்பார்கள்.

அதற்கு ஒரு பயிற்சி. உட்கார்ந்து, முன்கையைத் தொடை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே தொங்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். இடது கையால் உதவி மணிக்கட்டை மேலே தூக்குங்கள். இடது கையை எடுத்துவிட்டு, வலது கையால் மட்டும் நாலைந்து எண்ணிக்கைக்கு மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போதுதான் வைத்தியம் நடக்கிறது. 10 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். லேசான வலி பரவாயில்லை. குணமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

கூடவே வேலையில் ஒரு மாற்றம்: மாவு பிசையும் மேசை உங்கள் இடுப்பு எலும்பு உயரத்துக்கு இருக்கட்டும். உயரமான மேசையில் பிசைந்தால் முழு பலமும் தோளிலிருந்து வர வேண்டியிருக்கும். தாழ்வான மேசையில் உடம்பின் எடை வேலை செய்யும், ரொம்பத் தாழ்ந்தாலோ முதுகு போகும். மேசைக்கால் அடியில் கட்டை வைப்பதற்கு முதலாளியின் அனுமதி தவிர வேறு செலவில்லை.

வலி கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இருந்தால் (தோசைக் கரண்டி சுற்றுபவர்களுக்கு வரும்), அது வேறு. இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்க் கையை உதறி எழுந்தால் அதுவும் வேறு, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் மேலே சொன்ன பயிற்சி வேண்டாம், நேரில் காட்டுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படி மரத்துப்போவதும், தோள் இறுகிப்போவதும் கூடுதலாக வரும் என்பதால் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

காலையில முதல் அடி வைக்க முடியல, குதிகால் உயிர் போகுது.

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, கால்விரல்களைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து 10 நொடி நிறுத்துங்கள், பத்து தடவை. மதியம் ஒரு தண்ணீர் பாட்டிலை பிரீசரில் உறைய வைத்து, பாதத்தின் அடியில் வைத்து ஐந்து நிமிடம் உருட்டுங்கள் (சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் ஐஸ் வைக்க வேண்டாம்). மேலே சொன்ன கெண்டைக்கால் இழுவையைத் தினமும் செய்யுங்கள்.

செருப்பையும் பாருங்கள். பாதி தேய்ந்து, குதிகால் பக்கம் காகிதமாய்ப் போன ரப்பர் செருப்பில்தான் பெரும்பாலான அடுப்படிகள் ஓடுகின்றன. எண்ணெயும் தண்ணீரும் சிந்திய தரையில் அது வழுக்கும், கொதிக்கும் சாம்பார் தெறித்தால் பாதத்தைக் காக்காது. முன்பக்கம் மூடிய, வழுக்காத, குதிகாலில் மெத்தென்ற ஷூ ஒரு ஜோடி வாங்குவது மாதக்கணக்கில் தைலம் வாங்குவதைவிடச் சிக்கனம்.

கால்ல நரம்பு புடைச்சு நிக்குது. வெரிகோஸ்ங்கிறாங்க. பயிற்சியில போயிடுமா?

புடைத்த நரம்பு பயிற்சியால் மறையாது. ஆனால் கனம், வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது எல்லாம் குறையும். அரை மணிக்கு ஒருமுறை இருந்த இடத்திலேயே பத்து தடவை குதிகால் தூக்குங்கள். அடுப்புக்குக் கீழே செங்கல் உயரத்துக்கு ஒரு கட்டை போட்டு, ஒரு காலை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்து நில்லுங்கள். முழங்கால் வரை வரும் இறுக்கமான காலுறையை டாக்டர் அளவு சொன்னபடி வாங்கி, காலையில் வேலைக்கு முன்பே போட வேண்டும். கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிப்பெடுத்தாலோ புண் வந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே ஆஸ்பத்திரி. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

அண்டா தூக்கும்போது முதுகு பிடிச்சுக்குது.

தனியாகத் தூக்காதீர்கள் என்பதுதான் முதல் பதில். கடைக்கு வரும் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 19 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்தால் 35 கிலோவைத் தாண்டும். குழம்பு நிறைந்த அண்டாவுக்குக் கணக்கே இல்லை. பாதியை வாளியில் மொண்டு மாற்றிவிட்டு மீதியை இரண்டு பேராகப் பிடியுங்கள். முதுகு பெரும்பாலும் போவது, தூக்கும்போது அல்ல, தூக்கியபடி இடுப்பைத் திருப்பும்போது. இறக்கும் இடத்தை நோக்கிப் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

ஜிம்முக்குப் போகலாமா? புரோட்டீன் பவுடர்?

நேரமும் ஆசையும் இருந்தால் போங்கள். பவுடர் தேவையில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் நிலக்கடலையும் வாங்கலாம்.

நடையைப் பற்றியும் கேட்பார்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லுக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் இடையே நடப்பது இந்தக் கணக்கில் சேராது. மூச்சு சற்று வாங்கும்படி, கை வீசி, வெளிக்காற்றில் நடப்பதுதான் சேரும். ரூமுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறவர் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கிக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாடு நாலு மணி, ராத்திரிச் சாப்பாடு பன்னிரண்டரை. எப்படித்தான் மாத்துறது?

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றச் சொல்வேன். பயிற்சியே செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள்.

காலை ஐந்து மணிக்கு டீ, ஏழு மணிக்கு டீயும் வடையும், பத்து மணிக்கு டீ. இப்படியே மதியம் வரை ஓடி, பந்தி ஓய்ந்தபின் ஐந்து மணி நேரப் பசியோடு உட்கார்ந்தால் சோற்று மலைதான் உள்ளே போகும். இரவும் அதே கதை. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு ஒரு மணிக்குப் படுத்தால் அமிலம் மேலே ஏறும், தூக்கம் கெடும், மறுநாள் காலைச் சர்க்கரையும் ஏறும்.

செய்ய வேண்டியது கூட்டம் வருவதற்கு முன்னால் சாப்பிடுவது. மதியச் சாப்பாட்டைப் பதினொன்று, பதினொன்றரைக்குள்ளும், இரவுச் சாப்பாட்டை ஆறு, ஆறரைக்குள்ளும் முடித்துவிடுங்கள். பத்து நிமிடம், உட்கார்ந்து. கடை மூடியபின் பசித்தால் ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம், அல்லது அவித்த முட்டை. சாப்பாட்டு நேரத்தை இப்படி முன்னால் கொண்டுவந்த கடைகளில், மாலையில் சிடுசிடுப்பும் கைத்தவறுதலும் குறைந்ததாக மாஸ்டர்களே சொல்கிறார்கள். பசியோடு கத்தி பிடிப்பவருக்கு விரல் வெட்டுப்படுவதில் என்ன அதிசயம்?

ஸ்டாப் (வேலையாட்கள்) சாப்பாடு என்ன இருக்கோ அதுதான். நாங்க என்ன செய்ய முடியும்?

சமைக்கிறவர் கையில்தான் கரண்டி இருக்கிறது. சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேகிறது அல்லவா? புளியும் உப்பும் சேரும் முன் ஆளுக்கொரு கிண்ணம் கணக்கில் தனியே எடுத்து, மஞ்சள், பூண்டு, மிளகு, கொஞ்சம் உப்பு போட்டுக் கடைந்து வையுங்கள். இட்லிக்கு உளுந்து ஊறவைக்கும் இரவே, பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறட்டும், காலையில் சுண்டல் தயார். பொரியலுக்கு நறுக்கும் கோஸிலும் பீன்ஸிலும் ஸ்டாபுக்கென்று ஒரு பங்கு, தேங்காயும் எண்ணெயும் குறைத்து. அசைவக் கடையில் மீன் குழம்புத் துண்டும் அவித்த முட்டையும் இருக்கவே இருக்கின்றன.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சோறும் ரசமும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டு அந்தக் கணக்கை எட்ட முடியாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைய தட்டுக்கு 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை, 27 கிராம் எண்ணெய் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்டாப் தட்டில் காய் கரண்டியளவில் நிற்கிறது, எண்ணெயோ எல்லை தாண்டிவிடுகிறது.

மிஞ்சிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றுவதை தினசரிப் பழக்கமாக வைக்காதீர்கள். மாவும் எண்ணெயும் சேர்த்து ஒரு பரோட்டா ஏறக்குறைய 300 கலோரி, நாலு என்றால் 1200. வாரத்தில் ஒருநாள் ஆசைக்கு இரண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. வடை சுட்டுக் கறுத்த எண்ணெயில் ஸ்டாபுக்கு அப்பளம் பொரிப்பதை மட்டும் அறவே நிறுத்துங்கள். வாடிக்கையாளருக்கு ஆகாத எண்ணெய் உங்களுக்கும் ஆகாது.

ருசி பார்க்கிறதெல்லாம் கணக்கா?

குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது கணக்கில்லை. போகிற போக்கில் வாயில் போடும் அரை வடை, தட்டில் உடைந்த ஜாங்கிரி, கல்லில் ஒட்டிய நெய் தோசை ஓரம், இவைதான் கணக்கு. வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது, சோறு இறங்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இப்படிக் கொறித்திருப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடும் நேரம் நிலைத்துவிட்டால் இந்தக் கொறிப்பு தானாகக் குறையும்.

டீயை விடச் சொல்லாதீங்க.

சொல்லவில்லை. எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். எட்டு டீக்கு 80 கிராம். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்த வேண்டிய சர்க்கரை மூன்று டீயிலேயே தாண்டிவிடுகிறது. முதலில் சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்குங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். பிறகு அரை. மூன்று, நாலு டீயோடு நிறுத்தி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் குடிக்காதீர்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும்.

வேர்வையில உப்பு போகுதே, உப்பு நிறையச் சாப்பிடலாமா?

அடுப்பு முன்னால் நிற்பவருக்கு வேர்வையில் உப்பு போவது உண்மை. அதை ஊறுகாயிலும் சால்னாவிலும் ஈடுகட்டத் தேவையில்லை, அங்கே ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது. நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் பொது அளவு. கடும் வெயில் மாதங்களில் உப்பிட்ட நீர்மோர், வடித்த கஞ்சி, எலுமிச்சைச் சாறு இரண்டு மூன்று டம்ளர் சேர்த்தால் போதும்.

தண்ணீரைத் தாகம் எடுத்தபின் குடிக்காமல், கல்லுக்குப் பக்கத்தில் பெயர் எழுதிய பாட்டில் வைத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை. பிரஷர் மாத்திரை, குறிப்பாகச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தலை சுற்றினால் டாக்டரிடம் தங்கள் வேலை அடுப்படியில் என்பதைச் சொல்லியாக வேண்டும், அளவை மாற்றித் தருவார்.

வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பேச்சு குழறி, உடம்பு கொதித்து, தடுமாறினால் அது வெப்பவாதம். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சுகர் வந்துடுச்சு. ராகியும் கோதுமைப் பரோட்டாவும் சாப்பிட்டாப் போதுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023இல் வெளிவந்த 'இந்தியாப்' (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நீங்கள் தனி ஆள் இல்லை. கேப்பையில் சுண்ணாம்புச்சத்து அதிகம், நல்ல தானியம்தான். ஆனால் அதைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். கோதுமைப் பரோட்டாவும் எண்ணெய் குடித்த பரோட்டாதான். எந்த தானியமானாலும் தட்டில் கால் பங்கு, காய் பாதி, பருப்போ முட்டையோ மீனோ மீதிக் கால். இந்த அளவு பிடிபட்டால் சோறுகூடச் சாப்பிடலாம்.

அடுப்படிக்காரர்களுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும். படபடப்பு, நடுக்கம், வேர்வைதான் அறிகுறி. அடுப்பு முன்னால் எப்போதும் வேர்ப்பதால் அது தெரியாமலே போய், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவையுங்கள். ஈரத்திலேயே நிற்கும் கிளீனர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். சர்க்கரை உள்ளவருக்கு அது பெரிதாகிவிடும். தினமும் பாதத்தைத் துடைத்து, விரிசலோ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வலிக்கு மெடிக்கல்ல 'செட்' மாத்திரை வாங்கிப் போட்டா ஓடிடுதே?

தயவுசெய்து வேண்டாம். அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும், ஸ்டீராய்டு சேர்ந்திருப்பதும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண். அதைவிட மோசம், வேர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் கூடும். பத்து வருடம் வலி தெரியாமல் வேலை பார்த்துவிட்டு டயாலிசிஸ் படுக்கைக்குப் போவது நியாயமா? வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் நாளளவுக்கு மட்டும் சாப்பிடுங்கள்.

ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் உடம்பு வலி போகுது.

வலி போவதில்லை, தெரியாமல் இருக்கிறது. 180 மில்லியில் மட்டும் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. சைடு டிஷ் தனி. போதையில் வரும் தூக்கம் ஆழமில்லாதது, பின்னிரவில் கலையும், நீர் வற்றும், மறுநாள் அடுப்பு இன்னும் சுடும். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம், அரசு ஆஸ்பத்திரியில் காட்டி நிறுத்துங்கள். கால் கழுவி, வெந்நீரில் குளித்து, சுவரில் கால் சாய்த்துக் கிடப்பதை முதலில் ஒரு வாரம் முயன்று பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நான் பள்ளிக்கூடத்துல காலை உணவுத் திட்டத்துல சமைக்கிறேன். வீட்டுக்கும் சமைக்கணும். எனக்கு எங்கங்க நேரம்?

2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் பெரும்பாலும் சுய உதவிக் குழுப் பெண்களின் கையில்தான் நடக்கிறது. விடியும் முன் எழுந்து, பிள்ளைகளுக்கு உப்புமாவோ பொங்கலோ கிண்டி முடித்து, வீடு திரும்பினால் இரண்டாவது அடுப்படி. அக்கா, தங்கச்சிகளே, உங்களுக்கு 15 நிமிடம் ஒரேயடியாகக் கிடைக்காது. ஐந்தைந்து நிமிடமாக மூன்று வேளை பிரித்துக்கொள்ளுங்கள், பலன் குறையாது. குக்கர் விசில் வரும் வரை குதிகால் தூக்குவது, துணி காயப்போட்ட பின் பின்னால் சாய்ந்து நிமிர்வது, படுக்கும்முன் இடுப்பைத் தூக்குவது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் வயசு என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். கீரை, சுண்டலோடு எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவரும். சமையல்கூடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் குழுவாகச் சேர்ந்து கேளுங்கள்.

நெஞ்செரிச்சல் அடிக்கடி வருது. கேஸ்தானே?

காரமும், நேரம் தப்பிய சாப்பாடும், டீயும் இருக்கும் இடத்தில் கேஸ் வரத்தான் செய்யும். ஆனால் நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108. ஈசிஜி எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலாளிகிட்ட என்ன கேட்கலாம்?

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்களை நினைத்து வந்தது அது. அதன் நியாயம் அடுப்படிக்கும் பொருந்தும். வெங்காயம் உரிக்க, கீரை ஆய உயரமான ஸ்டூல், கல்லுக்கு முன்னால் ஓட்டை போட்ட ரப்பர் பாய் (சாக்கு வேண்டாம், தடுக்கும்), ஓடுகிற எக்ஸாஸ்ட் பேன், நேரத்துக்கு ஸ்டாப் சாப்பாடு. இந்த நாலையும் கேளுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈஎஸ்ஐ இல்லாதவர்கள், நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருப்பதால் இடைவேளையில் போய் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபியும் உண்டு. 30 வயது தாண்டியவர் வருடம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் டேப்பில் பாருங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை.

ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. உடம்பு முன்னைவிட வலிக்குது. நிறுத்திடவா?

தசையில் பரவலாக இரண்டு நாள் இருந்து போகும் வலி என்றால் பயப்பட வேண்டாம், எண்ணிக்கையைப் பாதியாக்கித் தொடருங்கள். மூட்டுக்குள் குத்தினால், அந்த ஒரு பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்யுங்கள். முதுகிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வலி ஓடினாலோ, பாதம் மரத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். கூடவே சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், லீவு கேட்கத் தயங்காதீர்கள்.